அரங்கநாதன் தடாகம்

ஆம்பூரில் கடல் கிடையாது. இந்தச் செய்தியைப் பாலாறு பெருந்திட்டக் குழுமத்துக்கு யாரும் எழுத்துமூலம் தெரிவிக்காமல் விட்டுவிட்டார்கள். தெரிவித்திருந்தால் குழுமம் கட்டாயம் பரிசீலித்திருக்கும். தெரிவிக்காததால், கரையோரத் தெரு முனையில் ஒரு நாள் நீல நிறப் பலகை ஒன்று நடப்பட்டது. தெருவை ஒட்டிய ஆற்றுப்பகுதி இனி ‘வணிக மெரினா’ என்றும், அதை அடுத்துள்ள குடியிருப்பு நிலம் முழுவதும் ‘மெரினா சார் வணிக மண்டலம்’ ஆக வகை மாற்றம் செய்யப்பட்டது என்றும் அதில் எழுதியிருந்தது. கீழே ஒரு நங்கூரம் வரைந்திருந்தார்கள்.

பலகைக்குப் பின்னால் பாலாறு கிடந்தது. பெருமழை பெய்யும் வருஷத்தில் சில நாள் தண்ணீர் ஓடும். மற்றபடி மணல். மணலை அள்ளிக்கொண்டு போன இடத்தில் சீமைக்கருவேலம்.

ஷூ கம்பெனி வேனிலிருந்து அம்சவேணி இறங்கியபோது தெருவே பலகையைச் சுற்றி நின்றது. அவள் கம்பெனியில் ஷூவின் மேல்தோலை மெஷினில் தைப்பவள். அவள் புருஷன் வேலு, இரும்பு வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் முன்னால் நின்றான். இளவயதிலிருந்து தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று நின்று அவனுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஒன்றை ஆபரேஷன் செய்திருந்தார்கள். மற்றதைச் செய்தாலும் பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

“மெரினான்னு போட்டிருக்குது” என்றான் வேலு.

“மெரினாவா?” என்றாள் பக்கத்து வீட்டு ஹலீமா பீ. வீட்டிலிருந்தே ஷூவுக்குக் கைத்தையல் போட்டுக் கொடுப்பவள். ஊசி இன்னும் கையில் இருந்தது. “யா அல்லா! இங்க யாரோட சமாதி வருது?”

“நம்மளோடதுதான் போல.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்சவேணிக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய கக்கூசுக்குப் படி ஏற வேண்டும், ஏறியபின் குந்த வேண்டும். இரண்டும் வேலுவால் முடியாது. வீட்டோடு சேர்த்து, உட்காருகிற மாதிரி ஒரு கழிப்பறை கட்ட அவள் அனுமதி கேட்டு மனு கொடுத்திருந்தாள். அந்த மனு இந்தப் பலகைக்கு அடியில் எங்கேயோ மாட்டிக்கொண்டது என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வேலூருக்கு பஸ் ஏறினாள்.

குழுமத்தின் அலுவலக வாசலில் நிஜமான நங்கூரம் ஒன்றைச் சிமென்ட் மேடையில் நிறுத்தி மாலை போட்டிருந்தார்கள். திட்ட அலுவலர் கோதண்டராமனின் மேஜைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பாய்மரக் கப்பல் இருந்தது. அவர் அதன் பாயைச் சின்ன பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டே பேசினார்.

“நீங்க நினைக்கிறது பீச். இது மெரினா. மெரினான்னா படகு நிறுத்துற இடம்.”

“படகு எங்க சார் இருக்குது?”

“நிறுத்த இடமே இல்லாம எந்தப் படகும்மா வரும்?”

அம்சவேணி கொஞ்சம் யோசித்தாள். “தண்ணி?”

கோதண்டராமன் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். விவரம் தெரியாதவர்களிடம் பொறுமையாக இருப்பவர் என்று அவருக்கு அலுவலகத்தில் பெயர் உண்டு. “தண்ணி வேற துறை. எங்க பொறுப்பு கரை மட்டும். கரை தயாரா இல்லைன்னு நாளைக்குத் தண்ணி எங்களைக் குறை சொல்லக் கூடாது, பாருங்க.”

பிறகு சட்டத்தை விளக்கினார். வணிக மண்டலத்தில் வீடு என்பது பொருந்தாப் பயன்பாடு. ஏற்கெனவே இருப்பதை யாரும் இடிக்கப் போவதில்லை. ஆனால் புதிதாக ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. தானாக இடிந்து விழுகிறவரை இருந்துகொள்ளலாம். கட்டினால் படகு பழுதுபார்க்கும் கூடம், கயிற்றுக் கிடங்கு, பாய்மரத் துணிக்கடை, மாலுமிகள் விடுதி, இவற்றில் ஒன்றைத்தான் கட்ட வேண்டும்.

“மாலுமிங்க விடுதியில கக்கூஸ் கட்டலாமா சார்?”

“கட்டித்தான் ஆகணும். மாலுமிங்க பாவம், எங்கம்மா போவாங்க?”

“எங்க வூட்டுக்காரர் எங்க சார் போவாரு?”

கோதண்டராமன் உண்மையான அக்கறையோடு கேட்டார். “அவர் மாலுமியா?”

வேறு வழியில்லாமல் வேலு மாலுமிப் பதிவுக்கு விண்ணப்பித்தான். விண்ணப்பத்தைப் பார்த்து இரண்டு ஆய்வாளர்கள் ஜீப்பில் வந்தார்கள். மாலுமிக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. தண்ணீர் இல்லாத இடத்தில் தேர்வை ஒத்திவைக்கலாமா என்று விதியில் சொல்லவில்லை. ஆகவே வேலுவைக் கயிற்றுக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து நீந்தச் சொன்னார்கள். தெருவே கூடிப் பார்த்தது. வேலு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் வீசி நீந்தினான். ஓர் ஆய்வாளர் அவன் தலைமாட்டிலும் ஒருவர் கால்மாட்டிலும் நின்று குறித்துக்கொண்டார்கள். கை அசைவு நன்று, கால் அசைவு போதாது என்று முடிவு வந்தது.

அன்றைக்கு வேலு சோறு சாப்பிடவில்லை. “சின்னப் பசங்கள்லாம் பாத்துச்சு அம்சா” என்று மட்டும் சொன்னான்.

அம்சவேணி பி.எஃப். பணத்தை எடுத்தாள். மேஸ்திரியைக் கூப்பிட்டு, அனுமதி இல்லாமலே கழிப்பறையைக் கட்டினாள். கதவு மாட்டிய வாரம் மஞ்சள் ஜேசிபி வந்தது.

இடிப்பை மேற்பார்வையிடக் கோதண்டராமன் நேரில் வந்தார். காருக்குள் ஏசி போட்டு அவர் மனைவி யோகலட்சுமி உட்கார்ந்திருந்தாள். வந்த வேலையோடு தங்கள் புது வீட்டையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கூடவே வந்தவள். அந்த வீடு கரையோரத் தெருவின் கோடியில், பழைய செங்கல் சூளைப் பள்ளத்தைத் தூர்த்து எழும்பியிருந்த மாடி பங்களா. மனை யோகலட்சுமியின் பெயரில் இருந்தது. அது யாருடையது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோதண்டராமன் லுங்கி கட்டிக்கொண்டு வந்து, சுவருக்குத் தண்ணீர் விடுவதை நின்று பார்ப்பார். மண்டலத்தின் எல்லைக்கோடு தெரு முழுவதையும் விழுங்கிக்கொண்டு வந்து, அந்த பங்களாவைத் தொடாமல் மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போயிற்று. படகுத்துறை வந்து, தெருக்காரர்கள் ஒவ்வொருவராக விற்றுவிட்டுப் போனபிறகு, கரையில் நிற்கப்போகிற ஒரே வீடு அதுதான்.

“சார், அவரால குந்த முடியாது சார். காலைப் பாருங்க சார்” என்று அம்சவேணி ஜேசிபிக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

“அம்மா, உணர்ச்சிவசப்படாம யோசிங்க. வெளிநாட்டுக்காரங்க படகுல வந்து இறங்குறாங்கன்னு வையுங்க. அவங்க கண்ணுல முதல்ல படுறது உங்க கக்கூஸா இருந்தா, மாவட்டத்தோட மானம் இன்னா ஆவுறது?”

கார்க் கண்ணாடி கொஞ்சம் இறங்கியது. “சீக்கிரம் முடிங்க, தூசி வருது” என்றாள் யோகலட்சுமி. கண்ணாடி ஏறிக்கொண்டது. சுவர் விழுந்தது.

அதன்பிறகு வேலு, வாக்கரைப் பிடித்தபடி நின்றே ஒதுங்கிக்கொள்ளலாம் என்று, விடியற்காலையில் ஆற்றுக்குள் இறங்கிப் போக ஆரம்பித்தான். மனைவி பிடித்துக்கொண்டு வருவதாகச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டான். ஒரு நாள் கரைச் சரிவில் வாக்கரின் கால் மணலில் புதைந்து, குப்புற விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆடு மேய்க்க வந்தவர்கள் பார்த்துத் தூக்கிவந்தார்கள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் அம்சவேணி நடைபாதையில் உட்கார்ந்திருந்தபோது ஹலீமா பீ சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். கூடவே வீட்டுக்கு வந்த ஒரு கவரையும் கொண்டுவந்திருந்தாள். குழுமத்தின் நோட்டீஸ். மேற்படி நபர் மெரினாவின் நீர்ப்பரப்புக்குள் உயிர்காப்பு உடை அணியாமல் பிரவேசித்துள்ளார். அபராதம் ஏன் விதிக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் அளிக்கவும்.

அம்சவேணி அதைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். அழுவாள் என்று ஹலீமா பீ தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அம்சவேணி அழவில்லை.

“கூட்டம் என்னைக்குன்னு போட்டாங்க அக்கா?”

“இன்னா கூட்டம்?”

“மக்கள்கிட்ட கருத்து கேக்குறாங்களாமே.”

“வர்ற வெள்ளிக்கிழமை. நீ எதுக்கு அங்க? சும்மா பேஜாரு.”

“போவணும்” என்றாள் அம்சவேணி. போய், அந்த ஆளைக் கூட்டத்தில் வைத்துச் சட்டையைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் அப்போது அவள் மனதில் இருந்தது.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஆம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமக்கள் உட்காரும் மேடையில் லாரியில் கொண்டுவந்த ஃபைபர் படகு ஒன்றை ஏற்றிவைத்திருந்தார்கள். குழுமத்தின் தலைவர் அரங்கநாதன், வெள்ளை வேட்டி சட்டைக்கு மேலே ஆரஞ்சு நிற உயிர்காப்பு உடையும் அதற்கு மேலே ரோஜா மாலையுமாகப் படகுக்குள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கோதண்டராமன் தீர்மானப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தார். படகு ஆடாமலிருக்க நான்கு ஊழியர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அரங்கநாதன் பேசினார். “குறிஞ்சி உண்டு, முல்லை உண்டு, மருதம் உண்டு. நெய்தல் மட்டும் இல்லாத மாவட்டம் என்ற பழியை என் காலத்தில் துடைத்தே தீருவேன்! மீனவர்கள் இல்லாத ஊரில் எதற்குப் படகுத்துறை என்று சிலர் கேட்கிறார்கள். மீனவர்கள் இருக்கிற ஊரில் கட்டினால் அவர்கள் எதிர்ப்பார்கள். இங்கே எதிர்க்க மீனவரே கிடையாது! இதைவிடப் பொருத்தமான ஊர் எது? ஆற்றில் தண்ணீர் இல்லை என்கிறார்கள். தண்ணீர் இல்லாத படகுத்துறையில் இதுவரை ஒரு படகாவது கவிழ்ந்ததாக யாராவது நிரூபிக்க முடியுமா?”

மண்டபத்தில் யாராலும் நிரூபிக்க முடியவில்லை.

பிறகு மக்கள் பேசினார்கள். ஒருவர் வீட்டுக் கடன் மறுக்கப்பட்டதைச் சொன்னார். ஓர் அம்மா கூரை ஓடுகளை மாற்ற விடமாட்டேன் என்கிறார்கள், மழைக்கு ஒழுகுகிறது என்று அழுதாள். அரங்கநாதன் எல்லோருக்கும் கைகூப்பினார். வரிசையில் நின்றிருந்த அம்சவேணி, கோதண்டராமனின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் என்ன கத்தினாலும் அந்தக் கையிலிருந்த பேனா அசையவில்லை. தலைவர் “இந்த மண்டபத்தில் காற்று நன்றாக வருகிறது” என்று சொன்னபோது மட்டும் அது பாய்ந்து எழுதியது. தலைவர் கூட்டத்தில் வாய்திறந்து சொல்வது எல்லாம் தீர்மானம் என்பது குழுமத்தின் வழக்கம்.

அவள் முறை வந்தது. சட்டையைப் பிடிக்க வந்தவள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கும்பிட்டாள்.

“அய்யா, இவ்ளோ பெரிய காரியம் எங்க தெருவுக்கு வருதுன்னு எங்களுக்கு ரொம்ப சந்தோஷங்க.”

பின்னால் ஹலீமா பீ திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

“ஒரே ஒரு குறைதாங்க. நாளைக்கு அய்யா படகுல ஏறினா, கொஞ்சமாவது மிதக்கணுமில்லைங்களா?”

“தண்ணி வேற துறை” என்றார் கோதண்டராமன்.

“ஆத்துத் தண்ணிதாங்க வேற துறை. கரையில ஒரு தடாகம் வெட்டினா அது அய்யாவோடதுதானே? எங்க தெருக் கோடியில சூளைப் பள்ளம் ஒண்ணு இருக்குதுங்க. அதுல வெட்டி, அய்யா பேரையே வெச்சுட்டா, பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் நிக்கும். அரங்கநாதன் தடாகம்னு.”

ஹலீமா பீக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் எழுந்து நின்று கைதட்டினாள். ஒரு நொடி தாமதித்து, கரையோரத் தெரு மொத்தமும் எழுந்து தட்டியது.

அரங்கநாதனின் கண்கள் கலங்கிவிட்டன. அவர் பெயரை இதுவரை ஒரு நிழற்குடைக்கும் மூத்திரக் கொட்டகைக்கும்தான் வைத்திருந்தார்கள். “அரங்கநாதன் தடாகம்” என்று தமக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். “எழுதுங்கள், கோதண்டராமன்.”

பேனா நின்றுவிட்டது. “அய்யா, அந்தப் பள்ளத்துல இப்ப ஒரு கட்டடம்...”

“யாருடையது?”

மண்டபமே கோதண்டராமனைப் பார்த்தது. அவர் நெற்றியில் வேர்வை பூத்து மூக்குவழியாக இறங்கியது.

“தெரியலைங்க அய்யா.”

“யாருடையது என்றே தெரியாத கட்டடத்துக்காக என் தடாகம் காத்திருக்க வேண்டுமா? எழுதும் அய்யா!”

அவர் எழுதினார். தம் கையாலேயே எழுதினார். அந்த மனை நீர்நிலை என்று வகை மாற்றப்பட்டது. மறுவாரம், யோகலட்சுமி என்கிற பெண்மணி நீர்நிலையை ஆக்கிரமித்துள்ளதாகவும், உடனே காலி செய்யவேண்டும் என்றும் கோதண்டராமன் கையெழுத்திட்ட நோட்டீஸ் அவர் வீட்டுக்கே தபாலில் போனது. அதை யோகலட்சுமி கையெழுத்துப் போட்டு வாங்கினாள். அதன்பின் பல நாள் கோதண்டராமன் ஹோட்டலில் சாப்பிட்டதாக அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

விதியில் ஒரு வழி இருந்தது. யோசனை சொன்னவரே ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனைக் கூட்டத்துக்கு வந்து திரும்பப் பெற்றால், தீர்மானம் ரத்தாகும். கோதண்டராமன் கரையோரத் தெருவுக்குக் காரில்லாமல் நடந்து வந்தார்.

அம்சவேணி பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“நீங்க மனசு வெச்சா போதும்மா. வாழ்நாள் பூரா சேத்து வெச்சுக் கட்டின வீடு.”

“எங்களுக்கும் வீடுதாங்க இருக்குது” என்றாள் அம்சவேணி. இடிந்து கிடந்த கழிப்பறைச் சுவரை ஒரு தரம் பார்த்தாள்.

மறுநாளே மேஸ்திரி, சித்தாள், மணல், சிமென்ட் எல்லாம் வந்து இறங்கின. மாலுமிகள் அவசரத் தேவைக் கட்டடம் என்று அனுமதியும் கையோடு வந்தது. கோதண்டராமனே பக்கத்தில் நின்று வேலை வாங்கினார். டைல்ஸ் வழுக்காத ரகம். கமோடுக்கு இரண்டு பக்கமும் பிடித்து எழ ஸ்டீல் கம்பி. சுடுதண்ணீருக்கு கீஸர். அம்சவேணி ஒரு நாள் கதவின் நிறம் பிடிக்கவில்லை என்றாள், கதவு மாற்றப்பட்டது. ஹலீமா பீ வந்து, தன் வீட்டுப் பக்கம் தண்ணீர் வாட்டம் சரியில்லை என்றாள், அதுவும் பார்க்கப்பட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வேலு அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, யார் துணையும் இல்லாமல் எழுந்து வந்தான். வந்தவன் முகம் கழுவிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தான்.

“விட்டுடு அம்சா. மனுஷன் கட்டிக் குடுத்துட்டாரு. பாவம்.”

“யாரு பாவம்?”

“அவருதான். நம்மகிட்ட வந்து கை கட்டிக்கினு நின்னாரே.”

அம்சவேணி அவன் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். “உன்ன கட்டில்ல நீந்த வெச்சானுங்க” என்றாள். “ஆத்துல வுழுந்து கெடந்ததுக்கு அபராதம் போட்டானுங்க.”

“அதான் சரி பண்ணிட்டாங்களே.”

“கக்கூஸைச் சரி பண்ணாங்க.”



மறுபரிசீலனைக் கூட்டத்துக்கு அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். தடாகத்தின் பெயர் செதுக்கிய கருங்கல் ஏற்கெனவே மேடையில் தயாராக நின்றது. கோதண்டராமன் அவளைப் பார்த்து மெல்லச் சிரித்தார். பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்.

“உங்கள் யோசனையில் மாற்றம் எதுவும் உண்டா, அம்மா?” என்று கேட்டார் அரங்கநாதன், கல்லைத் தடவியபடி.

“உண்டுங்க அய்யா.”

கோதண்டராமன் பேனாவைத் திறந்தார்.

“ஆழம் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணணும்.”

பங்களாவை இடிக்கிற அன்று அம்சவேணி அரைநாள் லீவு போட்டாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் தெருக் கோடிக்குத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். யோகலட்சுமி கேட்டுக்கு வெளியே, பூஜை அறையிலிருந்து எடுத்த படங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். தூசி அவள் தலையெல்லாம் படிந்தது. அவளைப் பார்த்ததும் தெருப் பெண்கள் சிலர் உள்ளே போய்விட்டார்கள். அம்சவேணி போகவில்லை. கடைசித் தூண் சாய்கிறவரை பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

பள்ளம் வெட்டினார்கள். அவள் கேட்டபடி ஆழமாகவே வெட்டினார்கள். கோதண்டராமன் எதிர்பார்த்ததற்கு மாறாக அதில் தண்ணீரும் ஊறியது. எத்தனையோ வருஷமாக மண்ணுக்குள் இறங்கியிருந்த தோல் கழிவெல்லாம் கசிந்து வந்து, காப்பி நிறத்தில், நுரையோடு, குழி நிறைய நின்றது. திறப்பு விழாவில் அரங்கநாதன் படகில் ஏறி, கரையிலிருந்து நாலு முழம் போவதற்குள் கழுத்திலிருந்த மாலைமேலேயே வாந்தி எடுத்தார்.

காற்று ஆற்றுப்பக்கமிருந்து வீசும் நாளெல்லாம் நாற்றம் பஜார்வரை போயிற்று. பிரியாணிக் கடையில் சாப்பிடுகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இன்னாப்பா, இன்னைக்கு அரங்கநாதன் ஜாஸ்தியா வீசுது” என்றார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் “அரங்கநாதன்” என்று திட்டிக்கொண்டு அடிவாங்கினார்கள். தடாகத்தின் பெயரை மட்டும் நீக்க விதியில் இடம் இருக்கிறதா என்று அரங்கநாதன் கேட்டார். இல்லை. திட்டம் உள்ளவரை பெயரும் இருக்கும். ஆகவே அடுத்த கூட்டத்தில், ஆம்பூரில் கடல் இல்லை என்பது குழுமத்தின் கவனத்துக்கு வந்திருப்பதாக அவர் வாய்திறந்து சொன்னார். அது தீர்மானமாயிற்று. மெரினா ரத்தானது. கரையோரத் தெரு மறுபடியும் குடியிருப்பு மண்டலம் ஆனது. நீலப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

ஒரு மனை மட்டும் திரும்பவில்லை. நீர்நிலை என்று ஒருமுறை அறிவித்ததை எந்தக் காலத்திலும் வகை மாற்ற முடியாது. கட்டவும் முடியாது, விற்கவும் முடியாது. வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போன கோதண்டராமன் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் வருவார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு தம் மனையின் விளிம்பில் நின்று, நுரை ஒதுங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படி ஒரு ஞாயிறு, ஹலீமா பீயும் அம்சவேணியும் வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

“போதும்டி அம்சா” என்றாள் ஹலீமா பீ. “கூப்ட்டு ஒரு வாய் தண்ணியாவது குடு.”

அம்சவேணி கையிலிருந்த பூண்டைத் தட்டில் போட்டுவிட்டு, கண்ணுக்கு மேல் கைவைத்து அவரை நன்றாகப் பார்த்தாள்.

“குடுக்கலாம்க்கா” என்றாள். “இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்.”